லீக்கானது ஆயில், மாற்றியது கிளட்ச் செட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கார் உரிமையாளர், திருநகர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

நாள்: ஜூலை 2

பொருள்: பழுதைக் கண்டறியாமல் கிளட்ச் செட் மாற்றியது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஜூன் 14 அன்று உங்கள் மதுரை சர்வீஸ் சென்டரில் எங்கள் காரை விட்டோம். 41,300 கிலோமீட்டர் ஓடிய, ஐந்து கியர் பெட்ரோல் கார். எஞ்சின் ஓடும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது, கிளட்சை இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போட்டால் விழுந்துவிடுகிறது, எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் தடையில்லாமல் விழுகின்றன என்று விவரமாகச் சொன்னோம். அட்வைசர் ஜாப் கார்டில் எழுதியது ‘கியர் ஹார்டு’ என்ற இரண்டே சொல்.

அன்று மாலையே ‘கிளட்ச் தேய்ந்துவிட்டது’ என்று போன் வந்தது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி ரூ.16,940 வாங்கினார்கள். பதினோராம் நாள் கோரிப்பாளையம் சிக்னலில் அதே குறை திரும்பி வந்தது. மறுபடியும் வண்டியைக் கொண்டு போனபோது, ‘சிங்க்ரோ ரிங் (கியர் விழும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) போயிருக்கும், கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்’ என்று ரூ.28,000-க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. வெளி மெக்கானிக் சிலேவ் சிலிண்டரின், அதாவது பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டரின், ரப்பர் உறையை விலக்கிக் காட்டினார். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. புது சிலேவ் சிலிண்டர், அரை லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்ந்து ரூ.2,350. இப்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

நாங்கள் முதல் நாள் சொன்ன குறையிலேயே பழுது எங்கே என்பது இருந்தது. கிளட்ச் தேய்ந்தால் அது வழுக்கும்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், வண்டி வேகம் எடுக்காது, ஏற்றத்தில் கருகல் வாடை அடிக்கும். மே மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஐந்து பேரோடு ஏறிய வண்டியில் இது எதுவும் இல்லை. எங்கள் வண்டியில் நடந்தது நேர் எதிரானது. பெடலை முழுதாக மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பிளேட் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தோடு உரசிக்கொண்டே சுற்றியதால், கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டும் நிற்காமல் சுற்றியது. பல கார்களைப் போல இதிலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால்தான் சத்தம் முதலில் அங்கே கேட்டது. எஞ்சினை அணைத்தால் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, கியர் விழுந்துவிடும். இரண்டு தடவை மிதித்தால் சரியாகிறது என்றால் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. தேய்ந்த பிளேட் மிதிக்க மிதிக்கச் சரியாகாது.

சிங்க்ரோ என்று சொன்னதும் பொருந்தவில்லை. சிங்க்ரோ ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு கியரில், அதுவும் ஓட்டத்தில் மாற்றும்போது, குறிப்பாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கடிக்கும். நிற்கிற வண்டியில் முதல் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து அடம்பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் விடுபடுகிறதா என்பதைத்தான்.

பழுது உங்கள் பில்லிலேயே இருக்கிறது. ஏழாவது வரியில் ‘பிரேக் ஆயில் டாப்-அப், 200 மி.லி.’ என்று அச்சாகியிருக்கிறது. பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்கும், அவ்வளவுதான். திடீரென்று 200 மி.லி. குறைந்தால் எங்கே போனது என்று தேட வேண்டும். இந்தக் காரில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவில் சற்று மேலே இருப்பதால் கிளட்ச்தான் முதலில் படுத்தது, பிரேக்குக்கு ஆயில் மிச்சமிருந்தது. கசிவைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பி, குடும்பத்தோடு ஓட்டிப் போங்கள் என்று அனுப்பியதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பில்லில் அதற்கு அடுத்த வரி ‘கிளட்ச் ஏர் எடுத்தது’, அதாவது ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியது. அந்தப் பதினோரு நாள் வண்டி நன்றாக ஓடியது இதனால்தான். புது கிளட்ச் செட்டுக்கு அதில் பங்கில்லை. சிலேவ் சிலிண்டரின் சீல் மறுபடி கசிந்து காற்று புகுந்ததும் பழைய நிலைமைக்கே வந்துவிட்டது.

கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ரிவெட் தலைக்கு மேலே 0.9 மி.மீ. லைனிங் இருக்கிறது. பல கார்களுக்கு மாற்ற வேண்டிய அளவு 0.3 முதல் 0.5 மி.மீ.தான். எரிந்த நிறமோ ஆயில் கறையோ பிளேட்டில் இல்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை விட்டால் நல்ல கிளட்ச் எஞ்சினை உடனே அணைத்துவிடும். அணையாமல் இரைந்தால்தான் வழுக்கல். பிறகு நியூட்ரலில் எஞ்சின் ஓட, கிளட்சை முழுதாக மிதித்து நாலு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். கடித்தால் கிளட்ச் விடுபடவில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சிலேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தாலே மிச்சமும் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. ஜாப் கார்டில் இதில் ஒன்றுகூடச் செய்ததாகப் பதிவு இல்லை.

இன்னொன்றும் தெரிய வேண்டும். பில்லில் ‘கியர் ஆயில் 2 லிட்டர்’ என்று மட்டும் இருக்கிறது, கிரேடு இல்லை. எங்கள் காரின் கையேட்டில் போட்டிருப்பது 75டபிள்யூ-80 (ஆயிலின் அடர்த்தி), ஜிஎல்-4 (ஆயிலின் தர வகை). ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் அதிலுள்ள கூடுதல் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். எதை ஊற்றினீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.

கிளட்ச் செட்டின் விலையும் அதற்கான கூலியும் சேர்ந்த ரூ.14,600-ஐயும், வெளியே செலவான ரூ.2,350-ஐயும் எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். எந்தச் சோதனையை வைத்து ‘கிளட்ச் தேய்ந்துவிட்டது’ என்று முடிவு செய்தார்கள் என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஜாப் கார்டு, இரண்டு பில், எஸ்டிமேட், பழைய பிளேட்டை அளந்த படம் ஆகியவற்றின் நகல்களை இதோடு இணைத்துள்ளோம். பிளேட்டும் பழைய சிலேவ் சிலிண்டரும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, உங்கள் பொறியாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்,
திருநகர், மதுரை.