செய்திக் குறிப்பின் கடைசிப் பத்தியை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம் (தீமிதி) நெருங்கினால் ‘ஈரோடு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை’ என்று எல்லாப் பத்திரிகையிலும் நாலு வரி வரும். வைகாசியில் மாரியம்மன் கோயில் கம்பம் ஆற்றுக்குப் போகும்போது கரூருக்கு, ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு நாமக்கல்லுக்கு, கோட்டை மாரியம்மன் நோம்பிக்குச் சேலத்துக்கு, ஓணத்துக்குக் கோவைக்கு என்று அதே நாலு வரி ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது. கலெக்டர் அலுவலகம் அனுப்பும் குறிப்பில் இடம் போதாமல் வெட்டப்படுவது பெரும்பாலும் கடைசிப் பத்தி. விஷயம் முழுக்க அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

அதில் வழக்கமாக மூன்று வாக்கியம் இருக்கும். இந்த உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் (செக், பில் போன்றவற்றுக்கான சட்டம்) கீழ் வராது என்பது ஒன்று. மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர அலுவல்களுக்காகக் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்பது இரண்டு. இந்த விடுமுறைக்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்பது மூன்று. பரீட்சைக் காலமாக இருந்தால், பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் தேர்வுப் பணியில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது என்று நாலாவதாக ஒன்று சேரும். பண்ணாரி குண்டம் பங்குனிச் செவ்வாயில் வருவதால் ஈரோட்டுக்காரர்களுக்கு இந்த நாலாவது வாக்கியம் முக்கியம். குண்டம் இறங்கிவிட்டு வரலாம் என்று பத்தாம் வகுப்புப் பையன் கிளம்பிவிட்டால், போன பரீட்சை அந்த நாளில் திரும்பி வராது.

முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுதான் வங்கிகளுக்குப் பொது விடுமுறை எது என்று தீர்மானிக்கிறது. அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுடையது. 1957-இல் அதை மாநிலங்களுக்கும் ஒப்படைத்தார்கள். ஆண்டுதோறும் தமிழக அரசு வெளியிடும் பட்டியலில் இருக்கும் நாட்கள் இந்த வகை. கலெக்டர் விடுவது இந்த வகையல்ல. அதனால் குண்டத்தன்று தாலுகா ஆபீஸ் பூட்டியிருக்கும், பள்ளிக்கூடம் இருக்காது. வங்கி திறந்திருக்கும், செக் கிளியரிங்கும் நடக்கும். ‘இன்னைக்கு லீவுதானுங்களே, செக் எப்படிப் போகும்?’ என்று கணக்கில் பணம் போடாமல் விட்டவரின் செக் அன்றே திரும்பும்.

உண்டியல், பில் (குறித்த நாளில் பணம் தருவதற்கான தவணைச் சீட்டுகள்) வைத்து நூல் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெடு நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அடுத்த நாள் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 25-ஆம் பிரிவு சொல்வது நேர் எதிர்: முந்தைய வேலை நாளே கெடு. உதாரணத்துக்கு, 2024 டிசம்பர் 13 தேதியிட்டு ஒரு மாதத் தவணையில் எழுதிய பில். ஜனவரி 13-இல் தவணை முடிந்து, மூன்று சலுகை நாட்கள் சேர்த்து 2025 ஜனவரி 16 கெடு. அன்று உழவர் திருநாள். 15 திருவள்ளுவர் தினம், 14 பொங்கல். ஆகவே கெடு 13-ஆம் தேதிக்கே வந்துவிடும். சலுகை நாள் மூன்றும் போச்சு. பொங்கல் வசூலை நம்பி பில் எழுதுபவர்கள் தேதி போடும் முன் காலண்டரை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. கோர்ட்டிலோ அரசு அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியம் என்றால் கதை வேறு. கடைசி நாளில் அந்த அலுவலகம் மூடியிருந்தால் அடுத்து திறக்கும் நாளில் செய்யலாம் என்று 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம் 10-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஒரே விடுமுறை ஒருவருக்குக் கெடுவை முன்னால் இழுக்கிறது, இன்னொருவருக்குப் பின்னால் தள்ளுகிறது.

ஆன்லைனில் கட்டுவதற்கு இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் வருடம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல் ஓடுகின்றன. 2021 ஆகஸ்டிலிருந்து கடன் தவணைகள் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கிலிருந்து எடுக்கப்படுகின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கெடு மாதா மாதம் 15. ஜனவரி 15 பொங்கலுக்குள் மாட்டிக்கொள்ளும், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். பனியன் கம்பெனிகளில் கணக்கு பார்ப்பவர் ஊருக்குப் போய்விடுவார், ஓடிபி வரும் போன் முதலாளியிடம் இருக்கும், முதலாளி குலதெய்வம் கோயிலில் இருப்பார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் ஓடத் தொடங்கும். இந்த இரண்டு மாதத்திலும் 12-ஆம் தேதிக்குள் சலான் போட்டு முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தொழிலாளர் பக்கம். குழப்பம் அதிகம் இங்கேதான். நாடு முழுக்கப் பொதுவான தேசிய விடுமுறை மூன்றே: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தமிழகத்தில் தொழில் நிறுவனங்களுக்கு 1958-இல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இவற்றோடு மே 1-ஐச் சேர்த்து, மேலும் ஐந்து பண்டிகை நாட்களைக் கொடுக்கிறது. ஆக ஒன்பது, எல்லாம் சம்பளத்தோடு. அரசுப் பட்டியலில் இருக்கும் இருபத்துச் சொச்ச நாட்களும் தனியார் கம்பெனிக்குத் தானாக வந்துவிடாது. கலெக்டரின் உள்ளூர் விடுமுறை வரவே வராது. ஆனால் அந்த ஐந்து நாட்கள் எவை என்பதை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அங்கேதான் நம் ஊர் நோம்பிக்கு இடம் இருக்கிறது. பொங்கல், தீபாவளிக்குப் போக மிச்சமிருப்பதில் ஒன்றை ஊர்த் தேருக்கோ குண்டத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். வருடப் பட்டியல் போடும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பங்குனியில் மேனேஜர் முன்னால் போய் நிற்பதில் பயனில்லை. அந்த ஒன்பதில் ஒரு நாள் வேலை செய்ய நேர்ந்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. எது வேண்டும் என்று சொல்லும் உரிமை தொழிலாளியுடையது.

தேர்தல் நாள் இந்தக் கணக்கில் சேராது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி வாக்குள்ள ஒவ்வொருவருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தினக்கூலிக்கும் உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அது யாரையும் பயமுறுத்தும் தொகை இல்லைதான், இருந்தாலும் சட்டம் சட்டம்தானே.

எல்லையில் இருப்பவர்கள் பாடு தனி. கரூருக்கு உள்ளூர் விடுமுறை என்றால் வேலாயுதம்பாளையத்துப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. காவிரிக்கு அக்கரையில் பரமத்தி வேலூர் நாமக்கல் மாவட்டம், அங்கே உண்டு. சென்னிமலையிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் குழந்தைக்கு லீவு, அவருக்கு ஷிப்ட். ஓணத்தன்று பாலக்காட்டில் வங்கி மூடியிருக்கும், ஏனென்றால் கேரளத்தில் அது அரசுப் பட்டியல் விடுமுறை; பொள்ளாச்சியில் திறந்திருக்கும். தேங்காய்க்கும் இளநீருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பணம் வர வேண்டியவர்கள், பாலக்காட்டுக் கிளையில் ஆள் போய் முடிக்க வேண்டிய வேலையை முந்தைய நாளே முடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நவம்பர் 1 கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம். திம்பம் தாண்டிச் சாம்ராஜ்நகருக்கு அலுவலக வேலையாகப் போகிறவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு அலுவலகங்களின் பட்டியலும் வேறு. டெல்லிக்கு வெளியே அவற்றுக்குக் கட்டாய விடுமுறை 14; அவற்றோடு மேலும் மூன்றை அந்தந்த மாநிலத் தலைநகரில் இருக்கும் மத்திய ஊழியர் ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். பொங்கல் அந்த மூன்றில் ஒன்றாக வரக்கூடியது. மாட்டுப் பொங்கலுக்குப் பொதுவாக இடமில்லை. அன்று மாநில அலுவலகம் மூடியிருந்தாலும் மத்திய அலுவலகம் திறந்திருக்கலாம். போகும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வங்கிகளுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஏப்ரல் 1 விடுமுறை, பள்ளிக்கோ தாலுகா ஆபீசுக்கோ இல்லை. 2-ஆம், 4-ஆம் சனி 2015 செப்டம்பரிலிருந்து வங்கி விடுமுறை. 1, 3, 5-ஆம் சனிகளில் முழு நாள் வேலை. இதையே இன்னும் அரை நாள் என்று நினைத்து மதியம் போகாமல் இருப்பவர்கள் உண்டு.

மழைக்கு விடும் விடுமுறையையும் உள்ளூர் விடுமுறை என்று சில சமயம் போட்டுவிடுகிறீர்கள். அது பள்ளிகளுக்கு மட்டும், சில நாட்களில் கல்லூரிக்கும் சேர்த்து. அலுவலகம் நடக்கும். ரம்ஜான், பக்ரீத், மொகரம் தேதிகள் பிறையைப் பார்த்துத் தலைமை காஜி அறிவித்தபின் மாறக்கூடும். அரசும் அதற்கேற்ப ஆணை போடும். ஜனவரியில் அச்சடித்த காலண்டரைப் பார்த்து மண்டபமும் பஸ்ஸும் பேசிவிட வேண்டாம். ஞாயிறில் விழும் விடுமுறைக்கு இங்கே திங்கள் ஈடு கிடையாது. 2025-இல் குடியரசு தினமும் தெலுங்கு வருடப்பிறப்பும் அப்படித்தான் ஞாயிறோடு போயின. அதே வருடம் காந்தி ஜயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் வந்ததில் இன்னொன்றும் போனது.

இனி உங்களிடம் கேட்பது. உள்ளூர் விடுமுறைச் செய்தி போடும்போது, விடுமுறை மாவட்டம் முழுக்கவா, குறிப்பிட்ட தாலுகாக்களுக்கு மட்டுமா, வங்கி உண்டா, தேர்வு உண்டா, ஈடுகட்டும் சனிக்கிழமை எது என்ற நாலையும் தலைப்புக்குக் கீழேயே கொடுங்கள். ‘மாவட்டத்துக்கு விடுமுறை’ என்று எழுதாமல் ‘மாநில அரசு அலுவலகங்கள், பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை’ என்று எழுதுங்கள். ஈடு நாள் சில சமயம் இரண்டு மூன்று வாரம் தள்ளி வரும். அதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்தச் சனிக்கு முந்தைய வெள்ளியன்று ‘நாளை பள்ளி உண்டு’ என்று ஒரு மூலையில் இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு