முதலில் எர்த்தைப் பார், தம்பி

மண்டபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கு நலம். நம் பழைய மாருதி 800 மதுரையில் சூட்டில் கிளம்ப மறுத்தும் சிக்னலில் சூடேறியும் உன்னைப் படுத்தும் பாட்டைப் போனில் கேட்டேன். மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ரேடியேட்டரையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்கிறார் என்றாய். எதற்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால்தான் எழுதுகிறேன்.

1997 மாடலான அந்த வண்டி தன் வயதின் பெரும்பகுதியை வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய நிலத்தில்தான் கழித்தது. கச்சான் அடித்தாலும் வாடை வீசினாலும் உப்பு ஈரம் அதன் பானெட்டுக்குள் போய்ப் படிந்துகொண்டே இருந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்த வைத்த காற்று, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் செம்புப் பட்டையை மட்டும் விட்டுவைக்குமா? அதனால் என் முதல் சந்தேகம் எர்த் எனப்படும் அந்தப் பட்டையின் மேல்தான்.

காலையில் ஒரே திருப்பில் கிளம்பும் வண்டி, மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பினால் கிளம்ப மறுக்கிறது என்றாயே, அதற்கும் இது பொருந்துகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும் என்பது நான் பள்ளியில் ஆண்டுதோறும் நடத்திய பாடம். ஸ்டார்ட்டரின் சுருள் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் அதன் தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். இழுக்கும் வலுவும் அதற்கேற்பக் குறையும். ஸ்டார்ட்டருக்கு 100 ஆம்பியர் போகும் வழியில் 0.02 ஓம் தடை கூடினாலே 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். குளிர்ந்த இன்ஜினில் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும் மோட்டார், சூட்டில் தாங்காமல் முனகும்.

ஆனால் நீ ஒன்றைச் சொல்லவே இல்லை. சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றத் திணறுகிறதா, அல்லது நன்றாகச் சுற்றியும் பற்றாமல் போகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். அடுத்த முறை நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் மங்கிச் செத்துப்போனால் பேட்டரியையும் முனைகளையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் அப்படியே நிற்க, மோட்டார் அசையாவிட்டால் சாலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), சாவி சுவிட்ச், அவற்றுக்கிடையே போகும் மெல்லிய கம்பி ஆகியவற்றில் கோளாறு இருக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். ஸ்டார்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் அது பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார். அடுத்ததுதான் முக்கியம். இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறு கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டிலும் (கிளாம்பில் அல்ல, ஈயப் போஸ்டிலேயே), மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, யாரையாவது சாவியைத் திருப்பச் சொல். 0.2, 0.3 வோல்ட் என்றால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது என்று எழுதியே வைத்துக்கொள். இதைச் சூடான இன்ஜினில் செய்தால்தான் உண்மை தெரியும்.

பட்டையை வெளியே பார்த்து ஏமாறாதே. மேலுறை பளபளப்பாகவே இருக்கும். வளைத்துப் பார்த்தால் உள்ளே இழைகள் நறுக்கென்று முறிந்து பச்சைப் பொடி உதிரும். நான்கைந்து முறை சாவியைத் திருப்பியபின் ஆக்சிலேட்டர் கேபிளையும் சோக் கேபிளையும் தொட்டுப் பார். எர்த் வழி அடைபட்டால் மின்சாரம் அவற்றின் வழியே பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும், அவை சுடும். பட்டையை மாற்றும்போது பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, முடுக்கியபின் மேலே வாசலின் தடவிவிடு.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் பெட்ரோல் வாடையை முகர்ந்து பார். வாடை தூக்கலாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்து, விட்டுவிட்டு அழுத்தாமல், ஸ்டார்ட் செய். வாடையே இல்லையென்றால் குழாயில் ஆவி அடைத்திருக்கும். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போட்டுச் சற்று நேரம் காத்திரு. பிளக்கில் பொறியே வராமல், ஆறியபின் மட்டும் வந்தால் காயிலையோ கண்டென்சரையோ மாற்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ரப்பர் குழாய்களை எப்படியும் மாற்றிவிடு. அவை அந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல.

இனி சூட்டுக்கு வருகிறேன். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறி, ரிங் ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்குகிறது என்றால், எனக்கு ரேடியேட்டரைவிட விசிறியின்மேல்தான் ஐயம். ஓட்டத்தில் காற்று தானே வந்துவிடும். நிற்கையில் விசிறிதான் இழுக்க வேண்டும். விசிறி மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக இரு கம்பி கொடுத்துப் பார். வேகமாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. சூடேறினால் விசிறியைப் போடும் தெர்மோ சுவிட்ச், ரிலே, விசிறியின் எர்த் இவற்றில் ஒன்று கெட்டது. இங்கேயும் அதே உப்பு வேலை செய்திருக்கலாம் என்பதால்தான் இரண்டு பொருளையும் ஒருசேர மாற்றச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மாறாக, வேகத்தில் போகும்போதும் முள் ஏறினால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு: ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப்.

ரேடியேட்டர் மூடியை மறந்துவிடாதே. 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 119 டிகிரியில்தான் கொதிக்கும். அதன் ரப்பர் வளையம் செத்துப்போனால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். சூட்டில் அதைத் திறக்கவே கூடாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் போல உவர்ப்பாக எது கிடைத்தாலும் ரேடியேட்டரில் விடாதே. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்று. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை கண்டாலோ, இன்ஜின் ஓடுகையில் ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தாலோ, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போ.

பேட்டரி ஓய்விலும் இன்ஜின் ஓட்டத்திலும் காட்டும் வோல்ட்டையும், சூட்டில் எர்த் இழப்பையும் அளந்து எனக்கு அனுப்பு. அந்த எண்கள் வந்தபின் ஸ்டார்ட்டரைப் பற்றிப் பேசுவோம். அதுவரை மெக்கானிக்கிடம் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா