கால் கிளினிக்கின் பின்னறையையும் ஆய்வு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை நம் கரையோர ஊர்களில் கால் புண்ணுக்கும் ஆணிக்கும் நகச்சுத்திக்கும் மக்கள் முதலில் போவது சின்னக் கிளினிக்குகளுக்குத்தான். பாறையில் கடற்பாசி எடுக்கத் துணி சுற்றிய காலோடு இறங்கும் பெண்கள், உப்பளத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள், கரைவலை இழுப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எல்லாரும் அங்கே வருகிறார்கள். பாதம் மரத்தவருக்குக் காலில் வெட்டுப்பட்டாலும் தெரியாது. அப்படிப்பட்ட காலில் படும் கருவி சுத்தமா, அதைக் கழுவும் பெண்ணின் கை பத்திரமா என்பதெல்லாம் பின்னறைக் கழுவுதொட்டியில்தான் முடிவாகிறது. ஆய்வுக்கு வருபவர்கள் முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சட்டத்தில் குறையில்லை. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2018 விதிகளும் சின்னக் கிளினிக்கையும் பதிவு செய்யச் சொல்கின்றன. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் படுக்கை இல்லாத கிளினிக்கையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்த விதிகளை நம் ஊர்த் தண்ணீரிலும் உப்புக்காற்றிலும் எப்படி நிறைவேற்றுவது என்பதைக் கிளினிக் நடத்துபவர்தான் யோசித்தாக வேண்டும்.

முதலில் தண்ணீர். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் பாத்திரத்தில், ஊற்றினால் ஹீட்டரில் வெள்ளைப் பொருக்குக் கட்டும்; சூடேற நேரமாகும், கடைசியில் ஹீட்டரின் கம்பிச்சுருள் எரிந்துபோகும். கருவிகளின் பாடு அதைவிட மோசம். நக வெட்டியின் கீலை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருகைச் சுற்றி ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உப்பு எஃகுக்குள் குழி பறித்துவிட்டது என்று பொருள். அந்தக் குழியில் ரத்தமும் தோல்துகளும் தங்கும், பிரஷ் எட்டாது. எண்ணெய் போட்டுத் தேய்த்து மறுபடி எடுத்தால் ஆபத்து நோயாளிக்குத்தான். அந்தக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும். கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவுக்கும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும்; கேன் தண்ணீர் அதற்கு ஈடாகாது.

கருவிகளை இரவெல்லாம் பிளீச்சில் ஊறப்போடும் பழக்கம் துருவை இன்னும் சீக்கிரம் வரவழைக்கும். பிளீச் சிந்திய ரத்தத்துக்கும் தரைக்கும் உரியது. பிளீச் எனப்படும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் 200 மில்லியுடன் தண்ணீர் 800 மில்லி சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், ஏனென்றால் நம் வெயிலில் நேற்றைய கரைசலுக்கு வீரியம் இருக்காது. கருவியை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு என்சைம் கலந்த கரைசல், பிரஷ், அலசல், முழுக்கத் துடைத்தல்.

அடுத்து ஆட்டோகிளேவ். மேலே மூடி திறக்கும் குக்கர் வகைதான் சின்னக் கிளினிக்குகளில் இருக்கும். ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து கணக்கிடுவது தப்பு. 121 டிகிரி வெப்பமும் 15 பவுண்டு அழுத்தமும் வந்த பிறகு, உறையில் பொதிந்த கருவிக்கு 30 நிமிடம் வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டும், வெப்பமோ அந்த அளவுக்கு ஏறியிருக்காது. நீராவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பீய்ச்சும் வரை வால்வைத் திறந்தே வைத்திருந்து, பிறகு மூட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மீதி நிமிடங்களை மட்டும் ஓட்டக் கூடாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொதி ஈரமாக வெளியே வந்தால் அது கணக்கில் சேராது, ஈர உறை வழியே கிருமி உள்ளே போய்விடும்.

வெளியே ஒட்டிய டேப்பில் கருங்கோடு விழுந்தால் அந்தப் பொதிக்குச் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். பொதிக்கு உள்ளேயும், நீராவி எட்டியதா என்று நிறம் மாறிக் காட்டும் ஒரு இண்டிகேட்டர் பட்டை வேண்டும். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தை எளிதில் தாங்கும் கிருமியின் வித்துகளை வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனை வாரம் ஒருமுறை வேண்டும். கருவியைக் கொதிக்கவைத்தால் இந்த வித்துகள் சாகாது. நீல விளக்கு எரியும் யூவி பெட்டியை ஆட்டோகிளேவுக்குப் பதிலாக வைத்திருந்தால் அதை ஏற்கவே கூடாது, ஏனென்றால் கீலுக்குள் வெளிச்சம் புகாது.

இனி வேலை செய்பவரின் பாதுகாப்பு. ஆணி சீவிய பிளேடைக் கைப்பிடியிலிருந்து விரலால் உருவும்போது வெட்டுப்படுகிறது. பிளேடின் பின்பகுதியை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்து, லேசாகத் தூக்கி, யாரும் இல்லாத பக்கமாக முன்னே தள்ளி, நேராகக் கூரான கழிவுக்கான வெள்ளை டப்பாவில் போட வேண்டும். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். திணித்து அமுக்குவதால்தான் ஊசி குத்துகிறது. குத்தினால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே புறப்பட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். எங்கே போவது, யார் கூட்டிப் போவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி ஊசியை 0, 1, 6 மாதங்களில் முதலாளி போட்டுவிட வேண்டும். கூட்டிப் பெருக்குபவருக்கும் சேர்த்து.

பூஞ்சை பிடித்த தடித்த நகத்தை டிரில்லில் தேய்க்கும்போது எழும் தூசி கண்ணுக்குத் தெரியாமல் வெகுநேரம் மிதக்கும். ஃபேனை நிறுத்தி, நகத்தை ஈரப்படுத்தி, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். சாதாரண மூன்றடுக்கு மாஸ்க் போதாது.

கால் ஊறவைக்கும் நீரின் சூட்டைக் கையால் பார்க்காமல் தெர்மாமீட்டரால் பாருங்கள், 37 டிகிரிக்கு மேல் வேண்டாம். மின்சாரத் தொட்டியானால் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் அவசியம். 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரே நக அழகு நிலையத்துக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் கட்டி வந்தது. குமிழித் தொட்டிகளின் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் அடைந்துகிடந்தன. சல்லடையைக் கழற்றிக் கழுவ முடியாத தொட்டியை வாங்காதீர்கள்.

கழிவில் பஞ்சு, தோல், நகம் மஞ்சள் பையில். கையுறையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில். பிளேடும் ஊசியும் வெள்ளையில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் கழிவு எடுக்கும் வண்டி வரத் தாமதமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காரணத்தோடு தெரிவிக்க விதியில் வழி இருக்கிறது. யாராவது கடற்கரை மணலில் புதைத்தால் அந்த ஊசி நாளை குத்தப்போவது பாசி எடுக்கப் போகும் பெண்ணின் காலில்தான்.

ஆகவே மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எங்கள் வேண்டுகோள்: ஆய்வுக்கு வரும்போது ஒரு பொதியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், நக வெட்டியின் கீலை விரித்துப் பாருங்கள். தேதி, வெப்பம், நிமிடம், இயக்கியவர் கையெழுத்து உள்ள ஆட்டோகிளேவ் நோட்டைக் கேளுங்கள். கருவி கழுவும் பெண்ணின் தடுப்பூசி அட்டையை, அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கால் புண் சிகிச்சைச் செவிலியர்கள் சிலர்,
தங்கச்சிமடம்.