பல் வைத்த பின் யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். பல்லிழந்தவர்களுக்கு ‘ஒரே நாளில் நிரந்தரப் பல்’ என்று வாக்களிக்கும் விளம்பரங்கள் அண்மைக் காலமாகத் தங்கள் பத்திரிகை உட்படப் பல இடங்களிலும் வெளிவருகின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இவற்றைப் பார்த்துவிட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வசிக்கும் தாய் தந்தையரை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அழைத்துக்கொண்டு ஓடுவதை வருடந்தோறும் காண்கிறேன். பெற்றோர் வாய் நிறையச் சாப்பிட வேண்டும் என்ற அவர்களது எண்ணத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், கழற்றிப் போடும் பல்லா, தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பல்லா என்பதைப் பெரும்பாலும் விலையைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். வைத்த பல்லை யார், எங்கே, எத்தனை ஆண்டுக்குப் பராமரிக்கப் போகிறார் என்று கேட்பவர் அரிது. வன்னியில் வாழ்பவருக்கு அதுவே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் பல் வைத்தியன் அல்லன். பல ஆண்டுகளாகப் பொய்ப்பல்லுடன் வாழ்பவன். மூத்த சகோதரியைப் பல் கிளினிக்குகளுக்கு அழைத்துச் சென்று வருபவன். அந்த வரிசைகளில் காத்திருந்த நேரங்களில் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் பல்லில்லாதோர் பலர் இருப்பதற்குக் காரணம் முதுமை மட்டுமன்று. யுத்தமும் இடப்பெயர்வும் தொடர்ந்த காலத்தில் பல் வலிக்குப் பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் கிடைத்த வைத்தியம். வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றும் வசதி எட்டாத தொலைவில் இருந்தது. ஷெல் துண்டு தாடையில் பட்டுப் பல்லோடு எலும்பையும் இழந்தவர்களும் எம்மிடையே உண்டு. இவர்களுக்கு வேண்டியது அழகுச் சிகிச்சை அன்று. புழுக்கொடியலை விடுங்கள், நன்றாக வெந்த இறைச்சித் துண்டை மெல்வதற்கே வழி வேண்டும்.

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பற்கள் முழுவதையும் இழந்தவருக்கு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படும் மேல் செற், அதாவது கழற்றும் மேல்வரிசைப் பொய்ப்பல், அண்ணம் முழுவதையும் மூடி அமர்வதால், ஈரமான இரு கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போல, உமிழ்நீரின் மெல்லிய படலத்தாலும் விளிம்பைச் சுற்றிக் காற்றுப் புகாதிருப்பதாலும் நிலைத்து நிற்கிறது. கீழ் செற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. நாக்குக்கு இடம் விட்டுச் செய்ய வேண்டியிருப்பதால் அது அமரும் பரப்பு குறைவு. நாக்கும் கன்னமும் அசையுந்தோறும் அது கிளம்பும். கலியாண வீட்டுப் பந்தியில் அமருமுன் கீழ்ப் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மேலே பல்லும் கீழே முரசுமாகச் சாப்பிட்டு முடித்து, படம் எடுக்கக் கூப்பிடும்போது மட்டும் அதைத் திரும்ப வாயில் போடும் பெரியவர்களை எங்கள் ஊரில் யாரும் காணலாம். பல் செய்தவரைத் திட்டுவார்கள். பல வேளைகளில் குறை அவருடையதன்று. முழுச் செற் அணிந்தவரின் கடிவிசை, இயற்கைப் பல் உள்ளவரின் கடிவிசையில் ஏறத்தாழக் கால்பங்குதான் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இதோடு எலும்புக் கரைவும் சேர்ந்துகொள்கிறது. பல் பிடுங்கப்பட்டதும் அதனைத் தாங்கியிருந்த எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் வேகமாகவும், அதன்பின் மெதுவாக வாழ்நாள் முழுவதும் அது தொடரும். முழுச் செற் அணிபவர்களில் கீழ்த் தாடை, மேல் தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு கரைகிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இன்று கச்சிதமாகப் பொருந்தும் செற் சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. அதன் உட்புறத்தைக் கரைந்த முரசுக்கேற்பத் திரும்பப் பூசித் திருத்தலாம். 5 முதல் 7 ஆண்டுகளில் புதிதாகச் செய்ய வேண்டியும் வரலாம். பலர் செய்வதோ, தளர்ந்த பல்லை ஒட்டும் பசையால் சமாளித்து, முரசு புண்ணாகிய பின்பே கிளினிக்கைத் தேடுவதுதான்.

இம்பிளான்ட் என்பது டைட்டேனியத்தால் ஆன சிறிய திருகு. சுவீடன் நாட்டு ஆய்வாளரான பெர்-இங்வார் பிரோனெமார்க், 1952இல் முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதவாறு எலும்பு அதனோடு இறுகியிருந்ததைக் கண்டார். 1965இல் முதன்முறையாக மனிதரொருவரின் தாடையில் அவ்வாறு திருகுகளைப் பதித்துப் பல் வைத்தார். பொருத்தமானவர்களாகப் பார்த்துத் தெரிவு செய்து, கீழ்த் தாடையின் முன்பகுதியில் பதிக்கப்படும் திருகுகளில் 95 வீதத்துக்கு மேற்பட்டவை பல ஆண்டுகள் நிலைக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள எலும்பின் கரைவும் குறைகிறது. இம்பிளான்ட்டின் மேன்மையை நான் மறுக்கவில்லை.

விளம்பரங்களில் காணாத செய்தி ஒன்று உண்டு. இம்பிளான்ட் என்றவுடன் வாய் முழுவதும் திருகுகளைப் பதித்துக் கழற்ற முடியாத பல்வரிசையைப் பூட்டுவதே என்று எண்ணுகிறோம். விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. வழமையான செற்றுக்கும் முழுவாய் இம்பிளான்ட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கீழ்த் தாடையின் முன்புறத்தில், வேட்டைப் பற்கள் இருந்த இடங்களில், இரண்டே இரண்டு திருகுகளைப் பதித்து, கழற்றக்கூடிய கீழ் செற்றை அவற்றின் மீது ‘கிளிக்’ என்று அமர்த்துவதே அது. தாடையூடாக வரும் முக்கிய நரம்பு கடைவாய்ப் பக்கமாகவே வெளிவந்துவிடுவதாலும், முன்பகுதி எலும்பு மற்றைய இடங்களைவிட நீண்ட காலம் எஞ்சியிருப்பதாலும் அவ்விடம் பெரும்பாலும் பாதுகாப்பானது. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல் முழுவதையும் இழந்த கீழ்த் தாடைக்கு முதலில் முன்வைக்க வேண்டிய சிகிச்சை இதுவே என்று அறிவித்தார்கள். 2009இல் பிரித்தானியாவின் யோர்க் நகரில் வெளியான அறிக்கையும் அதனையே ஆதரித்தது. மேல் தாடைக்கு வழமையான செற், கீழ்த் தாடைக்கு இரண்டு திருகில் நிற்கும் செற் என்ற இந்த ஏற்பாடு முழுவாய் இம்பிளான்ட்டைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம் என்பதால், கை நடுங்கும் முதியவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் துப்புரவு செய்வது இலகு. வன்னியில் வாழும் முதியவர் ஒருவருக்காக என்னிடம் கேட்டால், வைத்தியரிடம் முதலில் இதைப் பற்றி விசாரியுங்கள் என்றே சொல்வேன்.

ஆயினும் இதற்கும் பராமரிப்பு வேண்டும். செற்றின் உட்புறத்தில் திருகின் தலையைக் கவ்விப் பிடிக்கும் சிறிய நைலோன் வளையம் நாளடைவில் தேய்ந்துவிடும். அதை மாற்றுவது கதிரையில் அமர்ந்த சில நிமிடங்களில் முடிகிற காரியம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய் அந்தச் சில நிமிட வேலையை முடித்துத் திரும்ப ஒரு நாள் போய்விடும், கூட வருபவரின் நாட்கூலியும் போய்விடும். மேலும், ஒரு நிறுவனத்தின் வளையமோ திருகாணியோ மற்றொரு நிறுவனத்தின் இம்பிளான்ட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கொழும்பிலோ சென்னையிலோ பதித்துவிட்டு வந்தவர், அதன் உற்பத்திப் பெயர், விட்டம், நீளம், பதித்த திகதி ஆகியவை எழுதப்பட்ட அட்டையைக் கேட்டு வாங்கியிராவிட்டால், இங்குள்ள வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். பிள்ளைகள் விமானம் ஏறுமுன் அந்த அட்டையை வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

விடுமுறைக் கணக்கும் இங்கே பொருந்தாது. எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள வழமையாக 3 முதல் 6 மாதங்கள் செல்லும். அன்றே மாட்டிவிடப்படுவது அநேகமாகத் தற்காலிகப் பல். இறுதிப் பல் மாதங்கள் கழித்தே வரும். நான்கு வாரத்தில் பிள்ளை திரும்பிப் போய்விட, நான்காம் மாதத்தில் பெற்றோரைக் கூட்டிச் செல்வது யார் என்பதை முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் இம்பிளான்ட் உகந்ததுமன்று. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, புகைபிடித்தல், தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றிருத்தல், எலும்புத் தேய்வுக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவை காயம் ஆறுவதைக் கெடுக்கும். வீட்டில் உட்கொள்ளும் மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் தனியே சொல்லப்பட வேண்டியது. பாக்குப் போடுபவர்களில் வாயின் உட்தோல் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாத நிலை ஏற்படுவதுண்டு. அப்போது இம்பிளான்ட் இருக்கட்டும், சாதாரண செற்றுக்கு அச்செடுப்பதே பெரும்பாடாகும். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதால், பல்லே இல்லாதவரும் ஆண்டுக்கொரு முறை வாயைக் காட்ட வேண்டும். ‘பல்லில்லாதவனுக்குப் பல் டொக்டரிடம் என்ன வேலை’ என்ற பேச்சு எங்களிடம் இன்னும் போகவில்லை.

கழற்றும் பல்லை இரண்டாந்தரமாகக் கருதுவது தவறு. கவனமாகச் செய்து கவனமாக வைத்திருந்தால் அது பலருக்கு நிறைவாகவே உதவுகிறது. கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவும்போது கைதவறிச் சீமெந்தில் விழுந்து இரண்டாகப் பிளந்த செற்றுகளையும், அவற்றைச் சுப்பர் குளூவால் ஒட்டி மறுபடி வாயில் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். ஒட்டிய இடம் ஒரு மயிரிழை பிசகினாலும் முரசில் புண் வரும். உடைந்த துண்டுகளை அப்படியே கொண்டுபோனால் பெரும்பாலும் முறையாகச் சீர்செய்துவிடலாம். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டால் விழுந்தாலும் உடையாது. பற்பசை அக்ரிலிக்கை உராய்ந்து கெடுக்கும் என்பதால் சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும். கொதிநீரில் போட்டால் செற் கோணிவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்காதவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சணத் தொற்று வரலாம். ஒன்றிரண்டு பல் மட்டும் கொண்ட சிறிய செற்றுடன் உறங்குவது ஆபத்தானது. அது தொண்டைக்குள் வழுக்கிவிட்டால், வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாததால் கண்டுபிடிப்பதும் கடினம்.

சில பற்கள் மட்டும் விழுந்தவர்கள் உடனே பதற வேண்டியதில்லை. வாயில் 20 இயற்கைப் பற்கள் இருந்தால் உணவு உண்ணப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. கடைவாயில் விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் இம்பிளான்ட் வைக்கச் சொல்லும் இடத்தில், வைக்காவிட்டால் என்னாகும் என்றும் கேளுங்கள்.

சுகாதார அதிகாரிகளிடம் வேண்டுவது பெரிய காரியமன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும், அச்செடுத்த பல்லை மாவட்டத்துக்குள்ளேயே செய்து, உடைந்ததைச் சீர்செய்து, தளர்ந்ததைத் திருத்தித் தரும் பல் தொழில்நுட்ப ஆய்வுகூடமும் அதற்குப் போதிய ஆளணியும் இருக்க வேண்டும். பல் மீளமைப்புத் துறை நிபுணர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது மாங்குளம் போன்ற நடுவிடத்தில் கிளினிக் நடத்தினால், ஏ9 வீதியின் இருபுறத்தாரும் வந்து சேரலாம். தனியாரிடம் இம்பிளான்ட் வைத்தவர்களின் வளையம் மாற்றுதல், துப்புரவு ஆகிய சிறு வேலைகளையும் கட்டணம் அறவிட்டேனும் அங்கே செய்யலாம். கீழ்த் தாடைக்கான இரண்டு திருகுச் சிகிச்சையை, மிகவும் கரைந்த தாடை உள்ளவர்களுக்கும் யுத்தத்தில் தாடை காயமுற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து அரச வைத்தியசாலைகள் ஊடாக வழங்குவது பற்றியும் ஆராய வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பல் விளம்பரம் தருவோரிடம், சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்பதையும், முதலாம் ஆண்டுக்குப் பின்னரான பராமரிப்பு எந்த ஊரில், என்ன செலவில் நடைபெறும் என்பதையும் விளம்பரத்திலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பரந்தன்.