கல்லில் பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் குமரி மாவட்டச் சுற்றுலா பற்றி வெளியான கட்டுரையில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பூங்காவை வருணித்துவிட்டு, "சுற்றி வந்து களைத்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாற யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பழைய கல்லறையும் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாசித்துவருகிற எனக்கு அந்த ஒரு வரிக்குப் பிறகு அன்று வேறெதையும் வாசிக்க மனம் வரவில்லை.

அங்கே உறங்குபவர் யூஸ்டாக்கியஸ் டிலனாய் என்பது தாங்கள் அறியாததன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்து, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பின்பு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்துத் தலைமை தாங்கி, 'வலிய கப்பித்தான்' (பெரிய படைத்தலைவர்) என்று பெயர் பெற்றவர் அவர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உதயகிரிக் கோட்டை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது டிலனாய் கோட்டைதான். ஒரு கோட்டையே யாருடைய பெயரால் அழைக்கப்பட்டதோ அவரைத் தங்கள் கட்டுரையாளர் 'யாரோ' என்று எழுதிவிட்டார்.

அந்தக் கல்லின் முன் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவருக்கு இந்தச் சங்கடம் நேர்ந்திராது. கூரை இழந்த அந்தச் சிற்றாலயத்துக்குள் இருக்கும் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. நான் பணியில் சேர்ந்த புதிதில் லத்தீன் வரிகளை ஓரெழுத்தும் விடாமல் தாளில் பார்த்தெழுதி, லத்தீன் அறிந்த ஒரு பாதிரியாரிடம் கொண்டுபோய்ப் பொருள் கேட்டு வந்தேன். அதன் முதல் வரியே "வழிப்போக்கனே, நில்" என்பதாகும். ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு ஊழியம் செய்து, காயங்குளம் முதல் கொச்சி வரையிலான அரசுகளைப் படைவலியால் பணியவைத்தவர், 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்தார் என்று அது தொடர்கிறது. பெயரும் நாளும் பணியும் இவ்வளவு தெளிவாக வெட்டப்பட்ட கல்லை அடையாளமற்றது என்று ஒருவர் கருதக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அவர் மனைவியும் மகன் யோவான்னெஸும் அதே ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்த மகன் 1765இல் களக்காட்டுப் போரில் திருவிதாங்கூருக்காகப் போரிட்டு, இருபது வயதைத் தொடும் முன்னரே உயிர்விட்டவன். பிள்ளையைப் பறிகொடுத்த பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அதே படைக்கு உழைத்த தகப்பனை அந்நியர் என்று ஒதுக்க எனக்கு நா எழவில்லை. அவர் காலத்தில் வலுப்பெற்ற, திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டைதான், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது.

இது முதல் முறையுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இதழ் இவரை டச்சுக் கடற்படைத் தலைவர் என்று எழுதியது. மறுத்து நான் எழுதிய மடல் வெளிவரவில்லை. கல்வெட்டின் பொருளைத் தமிழில் எழுதி ஒரு பலகை வைக்கும்படி உரிய அலுவலகத்துக்கு இருமுறை விண்ணப்பித்தேன். இருமுறையும் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மட்டுமே திரும்பி வந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு நாள்தோறும் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அருகிலேயே இருக்கும் இந்தக் கோட்டைக்குள் கல்லறையைத் தேடி வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர் இந்த டிலனாய்தான் என்பதை, அந்தப் புனிதர் உயிர்நீத்த காற்றாடிமலைக்கு வரும் திருப்பயணிகளில் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நடத்தியே அங்கு அழைத்துச் சென்று, செருப்பை வெளியே கழற்றிவைக்கச் சொல்லி, அந்தக் கல்லின் தமிழ் வரிகளை ஒவ்வொருவரையும் விரலால் தடவி வாசிக்க வைத்தேன். அவர்களுள் ஒருவர் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தங்கள் கட்டுரையை எனக்கு முதலில் காட்டியவர் அவரே. "ஸார், நம்ம கப்பித்தானை இப்படி எழுதிட்டாங்களே" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தங்களிடம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. அடுத்த மலரில் அவர் பெயரையும் மறைந்த நாளையும் குறிப்பிட்டு நான்கு வரி திருத்தம் வெளியிடுங்கள். கல்லறை உட்கார்ந்து இளைப்பாறும் இடமன்று என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எழுத்துகள் இன்னும் தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் உள்ளது. தேவையெனில் அனுப்பிவைக்கிறேன்; பயன்படுத்திய பின் மடியாமல் திருப்பி அனுப்பினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தக்கலை.