கவுண்டரில் இருப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள்: மலையகத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

கிராமிய அபிவிருத்தி, சமூகப் பாதுகாப்பு மற்றும் சமூக வலுவூட்டல் அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், மத்திய, ஊவா மாகாணங்களின் சமூக சேவைத் திணைக்களப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஹட்டனுக்கு அருகில் ஒரு சிறிய மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை போட்டு உட்கார்ந்து, வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறோம். நான்கைந்து பேர்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு முன்னாள் தபால் ஊழியர், வேலை தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஏதாவது ஓர் ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள். அவர்களுக்கு உரிய உதவி சட்டத்தில் இருக்கிறது, சுற்றறிக்கையில் இருக்கிறது, வரவு செலவுத் திட்டத்திலும் இருக்கிறது. இன்னின்னது உங்களுக்கு உண்டு, இந்த வழியாகப் போங்கள் என்று சொல்லி, போய்ச் சேர்ந்தார்களா என்று பார்க்கிற ஆள்தான் இல்லை. அந்த வேலைக்கென்று ஆட்களை முறையாகப் பயிற்றுவியுங்கள், அதைத் தமிழில், மலையகத்திலேயே செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்தவர். மஸ்கெலியா பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். ஓர் அரச அலுவலகத்துக்குப் போய், "கண்ணாடிக்கு ஒதவி குடுக்கிறாங்களாமே, மிஸ்" என்று கேட்டிருக்கிறார். "இப்ப ஒதுக்கீடு இல்ல அம்மா, அடுத்த வருசம் வாங்க" என்று பதில். சொன்னவர் பொய் சொல்லவில்லை, கடுமையாகவும் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

எங்கள் மேசைக்கு அதே கேள்வியோடுதான் வந்தார். எங்களில் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "வீட்டுல யாரு யாரு இருக்கீங்க அம்மா?" என்று கேட்டார். "நானும் மகனும்தான். அவனால நடக்க ஏலாது, சின்னதுலயிருந்தே." மகனுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பிறப்பு பதியப்படவில்லை. அடையாள அட்டை இல்லை. எந்தக் கொடுப்பனவுப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அந்த அம்மா அவரைப் பற்றி எந்த ஆபீசிலும் பேசியதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. பேச்சு நீள நீள மற்றவையும் வந்தன. கண்ணில் இருந்தது கண்ணாடியால் தீரும் குறை இல்லை, புரை. அரச ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போகவேண்டியவர். முதியோர் கொடுப்பனவுக்கு அவர் விண்ணப்பித்ததே இல்லை. வேலையை விட்டு ஓயும்போது தோட்டம் தரவேண்டிய பணிக்கொடையான சேவைக்காசும் முழுதாகக் கைக்கு வரவில்லை, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்.

கண்ணாடி கேட்டு வந்தவருக்கு இத்தனை தேவை. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. மகனுக்கு முதலில் காலம் கடந்த பிறப்புப் பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோ வேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு. அப்புறம் அடையாள அட்டை. தோட்டத்தில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தோட்டத்துரையே உறுதிப்படுத்தலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. அதன் பிறகு வைத்தியச் சான்றிதழ், கடைசியாக மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு. வரிசை மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. அம்மாவின் சேவைக்காசு வேறு பாதை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரவேண்டும். அதைக் கேட்க தொழில் திணைக்களத்துக்குப் போகவேண்டும், சமூக சேவை ஆபீசுக்கு அதில் கையே இல்லை. ஆனாலும் அந்த அம்மா வந்து நிற்பது சமூக சேவை ஆபீஸ் கவுண்டரில்தான். தன் திணைக்களத்துக்கு வெளியே இருப்பதையும் தெரிந்துவைத்திருப்பவர் அங்கே இருக்கவேண்டும்.

இதைத் தனித் தொழிலாகவே நடத்துகிற நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் தகவல் சொல்லி உரிய இடத்துக்கு ஆற்றுப்படுத்தும் பணியாளர்களுக்கென்று 1973இல் ஓர் அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் இன்ஃபார்ம் யூஎஸ்ஏ. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணியாற்றுகிறவர்களுக்கு அங்கே தனிச் சான்றிதழ் தருகிறார்கள். வந்தவரைப் பேசவிடுவது, கேட்ட கேள்விக்குப் பின்னால் என்ன தேவை இருக்கிறது என்று பார்ப்பது, தெரிவுகளை விளக்கி முடிவை அவரிடமே விடுவது, தேவைப்பட்டால் அடுத்த ஆபீசுக்குத் தானே போன் எடுத்துப் பேசி ஒப்படைப்பது, பிறகு காரியம் நடந்ததா என்று விசாரிப்பது. இவ்வளவும் அங்கே கற்றுத் தேறவேண்டிய பாடங்கள். நல்ல மனசு இருந்தால் தானாக வந்துவிடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நம்மிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. சமூக சேவை உத்தியோகத்தர், முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், கிராம சேவகர், தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர் என்று பலர் இருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், முதியோர் உரிமைகளுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவு 5,000 ரூபாயாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 10,000 ரூபாயாகவும் கூட்டப்பட்டன. கூட்டியது நல்ல காரியம், மனதார வரவேற்கிறோம். ஆனால் பட்டியலிலேயே இல்லாத ஒருவருக்கு எவ்வளவு கூட்டினாலும் அவர் கைக்கு ஒன்றும் வராது.

தேவை கூடிக்கொண்டும் போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் நாட்டு மக்கள்தொகையில் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 சதவீதம்.

மலையகத்தில் தவறான தகவலின் விலை அதிகம். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்கி, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் மாறி ஆபீசுக்குப் போகும் வயதானவர் அந்த நாளையே கொடுத்துவிடுகிறார். கூட வரும் மகளுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2012இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை மக்கள் காலங்காலமாக, அம்பகமுவ பிரதேச செயலகம் இருக்கும் கினிகத்தேனைக்குப் போய்த்தான் வந்தார்கள். நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் வந்தது ஆறுதல். இருந்தாலும், "அந்தக் கடிதம் இல்லாம வந்தீங்களே" என்ற ஒரே வரியைக் கேட்கத்தான் நடக்க முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தோமா என்று குடும்பங்கள் கேட்பது நியாயம்தானே? வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் பல வீடுகளுக்குத் தனி முகவரியும் கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் போட்ட கடிதம், அந்த நாள் போன பிறகு கைக்கு வருவதைப் பார்த்திருக்கிறோம். இதைத் தெரிந்த உத்தியோகத்தர் கடிதத்தை மட்டும் நம்பியிருக்கமாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் நம்பரையாவது எழுதி வாங்குவார். பயிற்சி மலையகத்திலேயே நடக்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் பாடத்திட்டத்தை உருவாக்கட்டும். வகுப்பு ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நடக்கட்டும், பயிற்சியின் ஒரு பகுதி லயத்துக்குப் போய் நடக்கட்டும்.

தமிழில் என்று கேட்பது சலுகையாக அல்ல. தமிழ் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லியிருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. காது மந்தமான ஒரு முதியவரிடம் அரைகுறைத் தமிழில் ஒரு தரம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது தகவல் கொடுத்ததாகாது. சிங்கள உத்தியோகத்தர்களில் எங்கள் மக்களிடம் அன்பாக நடப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும், கூடவே தோட்டத்துப் பேச்சுத் தமிழும் வேண்டும்.

பயிற்சியில் இரண்டு விசயங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று அந்தரங்கம். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மகன் காசு தாறதில்லையா?" என்று கேட்டால் எந்தத் தாய் உண்மை சொல்வாள்? முதியோர் சட்டத்தின்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். இதை ஒரு தாய்க்குத் தனியாக, மெதுவாக எடுத்துச் சொல்லவேண்டும். பிள்ளைமேல் முறைப்பாடு வேண்டாம் என்று அவர் சொன்னால், அதை மதித்து வேறு வழி காட்டவும் தெரிந்திருக்கவேண்டும். வங்கி அட்டை பேரன் கையில் இருக்கிறது, காசு எவ்வளவு வருகிறதென்று பாட்டிக்குத் தெரியாது என்கிற மாதிரி விசயங்களும் அப்படித் தனியாகப் பேசும்போதுதான் வெளியே வரும்.

மற்றது, மாற்றுத்திறனாளியிடமே பேசுவது. சக்கர நாற்காலியில் ஆள் இருக்கும்போது, தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். அவருக்கு வாய் இருக்கிறது, விருப்பு வெறுப்பு இருக்கிறது. இந்தப் பாடத்தை எடுக்க மாற்றுத்திறனாளிகளையே அழைத்து, அதற்குச் சம்பளமும் கொடுங்கள்.

பயிற்சி பெற்றவர் கையில் சரியான கையேடு இல்லாவிட்டால் அவரும் ஊகித்துத்தான் சொல்லவேண்டிவரும். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஒரு தகவல் கையேடு வேண்டும்: எந்த உதவி, யாருக்கு, என்னென்ன பத்திரம், எந்த ஆபீஸ், எந்தக் கிழமை, யாரிடம். வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு நம்பரையும் அழைத்துப் பார்த்துத் திருத்தவேண்டும். 1919 அரச தகவல் நிலையத்துக்கும் அதே பட்டியல் போகட்டும், இரண்டு இடத்தில் இரண்டு பதில் வராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் வந்தபோது பத்திரங்களைப் பறிகொடுத்த முதியவர்கள், எதை முதலில் எடுப்பது, யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தார்கள். அப்படியான நேரத்தில் கேட்பவர் எல்லாருக்கும் ஒரே பதில் கிடைக்க இப்படியொரு கையேடு வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது: நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் இந்தப் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் ஒருவரையாவது நியமியுங்கள். இடமாற்றம் வந்தால் அவருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற இன்னொருவர் வரும்வரை விடுவிக்காதீர்கள். அந்த ஒருவரின் வேலையை, எத்தனை விண்ணப்பம் வாங்கினார் என்று எண்ணி மதிப்பிடவேண்டாம். அனுப்பிவைத்த எத்தனை பேருக்குக் காரியம் முடிந்தது என்று பாருங்கள். தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களையும் எங்களைப் போன்ற தொண்டர்களையும் அதே வகுப்பில் உட்கார அனுமதியுங்கள்.

முதல் வகுப்புக்கு எங்கள் மண்டபத்தைத் தருகிறோம், வாடகை வேண்டாம். வந்தவர்கள் எங்கே போனார்கள், எங்கே முட்டி நின்றார்கள் என்று நாங்கள் குறித்துவைத்த கொப்பிகளும் இருக்கின்றன. பெயர்களை மறைத்துவிட்டு, பாடத்துக்கான உதாரணங்களாக அவற்றைத் தரத் தயாராக இருக்கிறோம். எப்போது, யாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதி விண்ணப்ப உதவித் தொண்டர்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்