வயலை விற்பது பற்றி

அன்பு மகன் முருகையனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நாற்று பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு ஏக்கர்தானே அம்மா, விற்றால் திருப்பூரில் வீட்டுக்கு முன்பணம் ஆகும்" என்றாய். இரண்டு இரவு தூங்காமல் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்திரத்தை நீ ஒருநாளாவது பிரித்துப் பார்த்திருக்கிறாயா? நிலம் உன் தாத்தா பெயரில் இல்லை. உன் அப்பாயி பெயரில் இருக்கிறது. கிருஷ்ணம்மாள் அம்மா பண்ணையாட்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில்தான் பதிவு செய்தார். ஏன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நம் தெருவில் சாராயத்துக்குப் போன தாலியையும் பாத்திரத்தையும் நீயே பார்த்து வளர்ந்தவன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் மிராசுதார்களோடு மூண்ட பகை அது. அந்தச் சேதி கேட்டுத்தான் கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் நம் பக்கம் வந்தார்கள். பார்த்து அழுதுவிட்டுப் போனவர்கள் பலர் உண்டு. இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த அம்மா திண்டுக்கல் பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே பட்டப்படிப்பு முடித்தவர், ஏழைகளுக்காக நிலத்தைத் தானம் கேட்டுப் போன வினோபாவின் பூதான யாத்திரையில் ஊர் ஊராக நடந்தவர். படித்த படிப்புக்கு எங்காவது நிழலில் உட்கார்ந்திருக்கலாம். நம் சேற்று வரப்பில் நடந்தார்.

1981இல், உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடம் பேசி விலையை முடிப்பார்கள், வங்கியில் கடன் கேட்பார்கள், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பதிவார்கள். கடனை விளைச்சலில் நாம் அடைக்க வேண்டும். இனாமாக வந்த நிலம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒவ்வொரு அறுவடையிலும் அப்பாயி அதற்காக நெல் அளந்திருக்கிறார்.

பதிவு முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பாயி வயலுக்குப் போனாராம். போனவர் வெகுநேரம் வரப்பிலேயே நின்றாராம். இறங்கச் சொல்ல யாராவது வருவார்கள் என்று நாற்பது வருடப் பழக்கம். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் கம்மிவிடும்.

வாங்க வருகிறவர் யார் என்று நான் கேட்டேன், நீ சொல்லவில்லை. இறால் குட்டை வெட்டுகிறவராக இருந்தால் என் மனம் ஆறாது. தொண்ணூறுகளில் விளைந்த வயலில் உப்புத் தண்ணீரை விட்டார்கள். குடிக்கிற கிணறு கெட்டது. அந்த அம்மா பெண்களைத் திரட்டி மறியலுக்கும் உண்ணாவிரதத்துக்கும் உட்கார்ந்தார். ஐயா உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996இல் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அப்போது கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு எழுபது வயது.

உன் வீட்டுக்கு என்னிடம் உள்ள நகையை எடுத்துக்கொள். மாட்டை விற்றும் தருகிறேன். வயலை மட்டும் கேட்காதே. அப்பாயிக்குப் பிறகு அது உன் மகள் பெயரில் எழுதப்படும். அப்பாயியும் நானும் பேசி முடித்துவிட்டோம், உன் அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை நடவு. முடிந்தால் பாப்பாவை அழைத்துக்கொண்டு புதன் இரவு பஸ் ஏறு. முதல் முடியை அவள் கையால் நட வேண்டும் என்று அப்பாயி ஆசைப்படுகிறார்.

அன்புடன்,
அம்மா